கொக்கியில்லாத ரிம்மில் சாதா டயரை மாட்டிக் கொடுத்தார்கள்

சாலைப் பந்தய சைக்கிளுக்குக் கார்பன் சக்கரம் வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

மாதக்கணக்கில் பணம் சேர்த்து, சென்னையில் ஒரு கடையில் ஹூக்லெஸ் சக்கரம் ஒரு ஜோடி வாங்கினேன். டயரின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி இந்த ரிம்மில் கிடையாது. உள்சுவரில் விரலை ஓட்டினால் தடையே இல்லாமல் நேராக இறங்குகிறது. ட்யூப் போட்டு ஓட்டும் என் பழைய 25 மில்லிமீட்டர் அகல சாதா டயர் பொருந்துமா என்று கேட்டேன். "தாராளமாக மாட்டலாம் சார்" என்றார் கடைக்காரர். அவருடைய மெக்கானிக்கே ட்யூப் போட்டு, 100 பி.எஸ்.ஐ. காற்றடித்துக் கொடுத்தார்.

சைக்கிளை வீட்டு வாசலில் வெயிலில் நிறுத்தி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். பட்டாசு வெடித்ததுபோல் சத்தம். முன்சக்கர டயர் ஒரு பக்கம் முழுக்கக் கழன்று தொங்கியது. ட்யூப் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. சற்று முன்புவரை என் மகள் சைக்கிளின் பெடலைச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தாள். மறுநாள் விடியற்காலையில் அதே சக்கரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போவதாக இருந்தேன்.

ரிம்மைத் துடைத்துப் பார்த்தபோது வால்வுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: அதிகபட்சம் 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ. டயரில் அதைவிட அதிகமாக அச்சிட்டிருந்தாலும், இரண்டில் குறைந்த எண்தான் கணக்கு. ட்யூப்லெஸ் டயரின் விளிம்பு இழுபடாதபடி இறுக்கமாகச் செய்யப்பட்டது. சாதா டயருடையது அப்படியல்ல. அழுத்தத்தில் சற்று விரிந்தாலும் தடுத்து நிறுத்த இங்கே கொக்கி இல்லை. உள்ளே ட்யூப் போடுவதானாலும் டயர் ட்யூப்லெஸ் வகையாகவே இருக்க வேண்டும். அகலமும் முக்கியம்: உள் அகலம் 25 மில்லிமீட்டர் உள்ள ரிம்முக்குக் குறைந்தது 29 மில்லிமீட்டர் டயர் வேண்டும். என்னைப்போல் 80 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்கள் காற்றைக் கூட்டக் கூடாது, டயரின் அகலத்தைத்தான் கூட்ட வேண்டும். சக்கரத் தயாரிப்பாளர் வெளியிடும் பட்டியலில் இல்லாத டயரைத் தொடவே தொடாதீர்கள்.

2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த சைக்கிள் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கென்ட் விழுந்தபோது, டயர் ரிம்மை விட்டுக் கழன்று கிடந்த படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தேர்ந்த மெக்கானிக்குகள் உடன் இருக்கும் தொழில்முறை அணிக்கே அந்த நிலை.

கடைக்காரரோ, "நீங்கள் வெயிலில் வைத்தது தவறு" என்கிறார். பணம் திரும்பி வரவில்லை. அதைவிட என்னை உறுத்துவது, அதே ரிம்மில் அதே வகை டயர் மாட்டிய இன்னொரு சைக்கிள் அங்கே விற்றுவிட்ட சீட்டோடு நின்றதுதான். அதை வாங்கியவர் இதைப் படித்தால், இப்போதே காற்றை இறக்கிவிடுங்கள்.