ஜெராக்ஸ் கடையில் 'அக்செப்ட்' அழுத்தினேன், 24,400 ரூபாய் போய்விட்டது

இன்னும் கை நடுங்குகிறது. நேற்று சாயங்காலம் நடந்தது.

தாலுகா ஆபீஸ் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. போனில் இருந்த வில்லங்கச் சான்றை பிரிண்ட் எடுக்கப் போனேன். டவர் இல்லை. "எங்க வைஃபைல சேர்ந்துக்கோங்க அக்கா, குயிக் ஷேர்ல அனுப்பிடலாம். 'எவ்ரிஒன்'னு வைங்க" என்றான் கடைப் பையன். குயிக் ஷேர் என்றால் பக்கத்தில் இருக்கிற போனுக்கு நேராக ஃபைல் அனுப்பும் வசதி; 'எவ்ரிஒன்' என்று வைத்தால் பக்கத்தில் இருக்கிற யாரும் நமக்கு அனுப்பலாம். வாட்ஸ்அப் என்றால் என் நம்பர் அவர்களிடம் போய்விடும், இதுதான் பாதுகாப்பு என்று நினைத்தேன்.

உடனே கடைப் பெயரிலேயே என் போனுக்கு ஒரு ஃபைல் வந்து நின்றது, 'பிரிண்ட் ஆப்' என்று. பையன் யாருக்கோ லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தான். "இதை வாங்கிக்கணுமாப்பா?" என்றேன். நிமிராமலே "ஆமாக்கா, அக்செப்ட் பண்ணுங்க" என்றான். அந்த ஒரு 'ஆமாக்கா'வை நம்பி அழுத்தினேன். தெரியாத ஆப் என்று போனே எச்சரித்தது. மெசேஜ் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தேன். பிரிண்டுக்கு 10 ரூபாய் என்று கார்டு விவரம் கேட்டது, அதையும் போட்டேன். பிரிண்ட் வரவில்லை. கடைசியில் பையன் மெயிலில் வாங்கி எடுத்துக் கொடுத்து, 10 ரூபாயைக் கையில் வாங்கினான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ராத்திரி 9,800, திரும்ப 9,800, அப்புறம் 4,800. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். வந்த ஓடிபியை எல்லாம் அந்த ஆப்பே படித்து அனுப்பியிருக்கிறது. மகள் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த 24,400 ரூபாய்!

காலையில் கடைக்காரர், "எங்க போன்ல இருந்து போகலைங்க, யாரோ எங்க பேரை வச்சு அனுப்பியிருக்காங்க" என்கிறார். இருக்கலாம். தன் போனுக்கு யாரும் எந்தப் பெயரும் வைத்துக்கொள்ளலாம் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். ஆனால் 'ஆமாக்கா' சொன்னது அவர் கடைப் பையன்தானே? "அவன் இன்னைக்கு லீவு" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். வங்கியிலோ, "ஓடிபி சரியா இருக்கே மேடம், நீங்கதான் யார்கிட்டயாவது சொல்லியிருப்பீங்க." 24,400 ரூபாய் போனவளிடம் பேசுகிற பேச்சா இது?

இப்படி அலைந்துவிட்டு மதியம்தான் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அடித்தேன். நீங்கள் அதை முதலில் செய்யுங்கள், பணம் கை மாறுவதற்குள் நிறுத்தப் பார்ப்பார்கள். குயிக் ஷேரை 'கான்டாக்ட்ஸ்' என்று மாற்றி வையுங்கள். வெளியிடத்தில் அனுப்ப மட்டும் செய்யுங்கள், எதையும் வாங்காதீர்கள். பிரிண்ட் எடுக்க எந்த ஆப்பும் வேண்டாம், பென் டிரைவ் போதும். ஏற்கெனவே இப்படி ஏதாவது வாங்கிப் போட்டிருந்தால் இப்போதே நெட்டை அணைத்து, வேறு போனிலிருந்து கார்டை பிளாக் செய்யுங்கள். கடைக்காரரிடம் நியாயம் கேட்பதெல்லாம் அப்புறம்.