ஹாரோவிட்ஸ் இன் மாஸ்கோ: சிடியோடு நிறுத்திவிடாதீர்கள், படத்தையும் வாங்குங்கள்

என்னிடம் பியானோ படிக்கும் பிள்ளைகள் எட்டாம் கிரேடுக்கு வந்ததும் ஒரு டிவிடியைக் கொடுத்து அனுப்புவது என் வழக்கம். ஒரு வாரம் வைத்திருக்கலாம், கீறல் விழாமல் திரும்பி வர வேண்டும். 1986 ஏப்ரல் 20 அன்று மாஸ்கோ கன்சர்வேட்டரியின் பெரிய அரங்கில் பியானோ மேதை விளாதிமிர் ஹாரோவிட்ஸ் நடத்திய கச்சேரியின் பதிவு அது. இதே கச்சேரியை டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனம் சிடியாகவும் வெளியிட்டது, அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. இரண்டும் என்னிடம் இருக்கின்றன. எதை வாங்கலாம் என்று பெற்றோர் பலர் கேட்பதால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

கீவ் நகரில் படித்து வளர்ந்தவர் ஹாரோவிட்ஸ். 1925இல் சோவியத் நாட்டைவிட்டுக் கிளம்பியவர், 61 வருடங்கள் கழித்துத்தான் திரும்பி வருகிறார். அப்போது அவருக்கு வயது 82. நியூயார்க் வீட்டில் இருந்த தன்னுடைய ஸ்டெய்ன்வே பியானோவையும் கூடவே கொண்டுவந்தார். அதைப் பார்த்துக்கொள்ள ஸ்டெய்ன்வேயின் தலைமைத் தொழில்நுட்பக் கலைஞர் ஃபிரான்ஸ் மோர் உடன் வந்தார். பொதுமக்களுக்குக் கிடைத்த டிக்கெட் மிகக் குறைவு. இசை மாணவர்கள் காவலைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிப்போய் நின்றபடியே கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

சிடியில் ஒலி நன்றாக இருக்கிறது. ஆனால் கச்சேரி முழுவதும் அதில் இல்லை. ஸ்கார்லட்டியின் சொனாட்டாக்கள் படத்தில் மூன்று, சிடியில் ஒன்றுதான். ஷோபானின் ஏ ஃப்ளாட் மேஜர் பொலனேஸும் (போலந்து நடன வகை உருப்படி) சிடியில் விடுபட்டுவிட்டது. மொசார்ட்டின் சி மேஜர் சொனாட்டா, ராக்மனினோவின் இரண்டு ப்ரெலூடுகள், ஸ்க்ரியாபினின் இரண்டு எட்யூடுகள் (பயிற்சி உருப்படிகள்) எல்லாம் இரண்டிலும் உண்டு. சிறுவனாக ஸ்க்ரியாபினுக்கு முன்னாலேயே வாசித்துக் காட்டியவர் ஹாரோவிட்ஸ். அந்த டி ஷார்ப் மைனர் எட்யூடை அவர் வாசிக்கும்போது ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்காதீர்கள். இடக்கையின் கீழ்ச் சுரங்கள் தரை வழியாக வந்து காலில் ஏற வேண்டும். லிஸ்ட் எழுதிய ஷூபர்ட் வால்ஸ்களில் மட்டும் எனக்கு மனம் ஒட்டுவதில்லை.

படத்தைப் பார்த்துவிட்டு வரும் ஒவ்வொரு பிள்ளையும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே. போன மாதம் ஒரு மாணவி டிவிடியைத் திருப்பிக் கொடுக்கும்போதே கேட்டாள்: “மிஸ், விரலை வளைத்து வைக்கச் சொல்லி எங்களைத் திட்டுகிறீர்களே, இவர் நீட்டித்தானே வைத்திருக்கிறார்?” உண்மைதான். ஹாரோவிட்ஸின் விரல்கள் கட்டைகளின் மேல் தட்டையாக நீண்டு கிடக்கும். மணிக்கட்டு தாழ்ந்திருக்கும். வலது சுண்டுவிரல் மட்டும் உள்ளே சுருண்டிருந்து, தன் சுரம் வரும்போது பாய்ந்துவிட்டுத் திரும்பவும் சுருண்டுகொள்ளும். ‘நீ அப்படி வாசிக்காதே’ என்று சொல்லி அவளை அனுப்ப எனக்கு மனமில்லை. விரலின் சதைப்பகுதி கட்டையைத் தொடும்போது நாதம் எப்படி மாறுகிறது என்பதை ஒரே ஒரு சுரத்தில் காட்டினேன். அரைமணி நேரம் அதிலேயே போனது. அன்று ஸ்கேல் வாசிக்கவில்லை.

என் பியானோவுக்குச் சுருதி சேர்க்க வருபவர் வேறொன்றைச் சொன்னார். அவர் இசைக் கலைஞர் அல்ல. சாவியும் ஃபெல்ட் துண்டுகளுமாக நாற்பது வருடம் பியானோவின் வயிற்றுக்குள் தலையை விட்டு வேலை பார்த்தவர். வேலை முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் இந்த டிவிடியில் மொஷ்கோவ்ஸ்கியின் ‘தீப்பொறிகள்’ ஓடிக்கொண்டிருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “இந்தப் பியானோவில் கட்டை ரொம்ப லேசாக இருக்கும், அம்மா. நம் பியானோவில் இந்த வேகத்துக்குச் சுத்தி திரும்பி வராது” என்றார். ஹாரோவிட்ஸின் ஸ்டெய்ன்வே லேசான கட்டைகளுக்குப் பேர்போனது. மற்றவர்கள் அதில் உட்கார்ந்தால் சத்தம் கைமீறிப் போய்விடும் என்பார்கள். எந்தப் புத்தகமும் படிக்காமல், காதால் மட்டுமே அதைக் கண்டுபிடித்துவிட்டார் அந்த மனிதர்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சுரங்கள் தவறுகின்றன. பொலனேஸில் வயது தெரிகிறது. இதற்கு மூன்று வருடம் முன்பு, 1983இல் டோக்கியோவில் அவர் வாசித்ததைக் கேட்ட யோஷிதா ஹிதெகாஸு என்ற விமர்சகர், விரிசல் விட்ட பழங்காலப் பொருள் என்று எழுதினார். அன்றைய வாசிப்புக்கு அது நியாயமான தீர்ப்பு. மருந்துகளின் பிடியில் இருந்த காலம் அது. அமெரிக்க விமர்சகர் விர்ஜில் தாம்சன் 1940களிலேயே அவரை இசையைத் திரித்து வாசிப்பதில் வல்லவர் என்று கடிந்திருக்கிறார். எழுதியவர் நினைத்ததை விட்டுவிட்டுத் தன் விருப்பப்படி வாசிக்கிறார் என்ற குற்றச்சாட்டு ஹாரோவிட்ஸைக் கடைசிவரை விடவில்லை. ஷோபானின் மஸுர்காக்களைக் கேட்கும்போது எனக்கே அப்படித் தோன்றும் இடங்கள் உண்டு. ஆனால் மாஸ்கோவில் கேட்பது விரிசல் விட்ட பொருள் அல்ல. விரல் தவறினாலும் எந்தச் சுரம் எந்தச் சுரத்தோடு பேசுகிறது என்பது ஓரிடத்திலும் மங்கவில்லை.

படத்தைப் பற்றி எனக்கு வெகுகாலம் ஒரு கோபம் இருந்தது. கையைப் பார்க்க வேண்டிய இடத்தில் கேமரா அரங்கில் இருப்பவர்களின் முகங்களுக்குத் திரும்பிவிடுகிறதே என்று. அந்தக் கோபம் ஷூமனின் ‘ட்ராய்மராய்’ அருகே வந்துதான் தீர்ந்தது.

ஷூமன் 1838இல் எழுதிய ‘குழந்தைப் பருவக் காட்சிகள்’ பதின்மூன்றில் ஏழாவது அது. பெயருக்குக் கனவில் ஆழ்தல் என்று பொருள். சின்னஞ்சிறு உருப்படி, மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சுரங்களைப் படிக்க என் மாணவர்களுக்கு ஒரு வாரம் போதும். சி என்ற சுரத்தில் தொடங்கி எஃப்-புக்கு ஒரு தாவல். அங்கே நின்று மூச்சுவிட்டு, நான்கு சிறு படிகளில் ஏறி மேல் எஃப்-பைத் தொட்டு, மெல்ல இறங்கிவிடும். அடுத்த முறை அதே ஏற்றம் ஏ வரை போகும். கடைசி வரியில் மறுபடியும் அந்த ஏ. இந்த முறை அடியில் வேறொரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) வைத்து, அதன் மேல் நிறுத்தக் குறியும் போட்டிருக்கிறார் ஷூமன். எவ்வளவு நேரம் நிற்பது என்பது வாசிப்பவரின் கையில் இருக்கிறது. என் பிள்ளைகள் அங்கே மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்கள். அந்த உதட்டசைவை நான் பார்த்திருக்கிறேன். ஹாரோவிட்ஸ் எண்ணுவதில்லை. அந்த கார்டின் உள்ளே இருக்கும் சுரங்கள் ஒவ்வொன்றையும் நாம் கேட்டு முடிக்கிறவரை காத்திருக்கிறார்.

கேமரா அரங்கத்துக்குத் திரும்புகிறது. ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. முகத்தில் அழுகையின் சாயலே இல்லை.

ஊருக்குத் திரும்பிய கிழவரைப் பார்த்து உருகிவிட்டார் என்றுதான் பல வருடங்கள் நினைத்திருந்தேன். பிறகுதான் வோல்கோகிராட் நினைவிடத்தைப் பற்றிப் படித்தேன். இரண்டாம் உலகப் போரில், அந்நகரம் ஸ்டாலின்கிராட் என்ற பெயரில் இருந்தபோது அங்கே நடந்த போரில் இறந்தவர்களுக்காக 1967இல் திறக்கப்பட்டது. சுவர் முழுக்க வீரர்களின் பெயர்கள் பொறித்த அந்த வட்ட மண்டபத்தில் ஓயாமல் ஒலிப்பது இதே ட்ராய்மராய்தான். ஒவ்வொரு மே 9 வெற்றி நாளிலும் சோவியத் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வரும் மௌன அஞ்சலி நிகழ்ச்சியோடும் இந்த இசை சேர்ந்திருந்தது. அந்த நிகழ்ச்சி தொடங்கியது 1965 மே 9 அன்று. அதே நாளில்தான், பன்னிரண்டு வருடம் மேடை ஏறாதிருந்த ஹாரோவிட்ஸ் நியூயார்க் கார்னகி ஹாலுக்குத் திரும்பி வந்து, கச்சேரியின் கடைசியில் ட்ராய்மராயை வாசித்தார்.

ஆக, நியூயார்க்கில் கேட்டவர்களுக்கு அது ஒரு பெரிய கலைஞரின் அன்பான விடைபெறல். மாஸ்கோவில் கேட்டவர்களுக்கோ அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நின்று தலைகுனிந்த மெட்டு. வாசித்தவர் குழந்தைப் பருவத்தை வாசித்தார். கேட்டவர்கள் அதோடு தங்கள் இழப்பையும் கேட்டிருப்பார்கள் என்றே நம்புகிறேன். சிடியில் இது கிடைக்காது. அதில் முடிவில் வரும் கைதட்டல் மட்டும் கேட்கும். எதற்காகத் தட்டுகிறார்கள் என்று தெரிய அந்த முகங்கள் வேண்டும்.

வாங்குவோருக்கு ஒன்று: முதல் முறை பார்க்கும்போது நடுவில் நிறுத்தாதீர்கள், ட்ராய்மராயை மட்டும் தேடிப் போட்டுப் பார்க்காதீர்கள். ஸ்கார்லட்டியிலிருந்து கூடவே வந்தால்தான் அந்த அமைதி எவ்வளவு பெரியது என்று தெரியும்.

சுருதி சேர்ப்பவருக்கும் அன்று அதைப் போட்டுக் காட்டினேன். வோல்கோகிராட் பற்றி எதுவும் சொல்லவில்லை. முடியும்வரை நின்றுகொண்டே பார்த்தார். பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து, பியானோவைத் திறந்து, அந்த ஏ-வை ஒரு முறை தட்டிக் கேட்டார். கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாவியை மறுபடி வெளியே எடுத்தார்.