பாய்மரப் பயணம் என்று மதுரையில் பணம் வாங்குகிறார்கள், கவனம்

மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு பயண அலுவலகத்தில் 1,80,000 ரூபாய் கட்டி ஏமாந்திருக்கிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றினார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும்.

புதுச்சேரியில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டதிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். அமெரிக்காவின் பேரேரிகள், அதாவது கிரேட் லேக்ஸ் என்ற பெரிய நன்னீர் ஏரிகள் வழியாகப் போய்க் கடலைத் தொட வேண்டும். வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் கூட்டம் கூடுகிற ஊரில் வளர்ந்தவனுக்கு, கரையே தெரியாத நன்னீர் என்பது சாதாரண விஷயமில்லை. அந்த ஆசையைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் கொடுத்த திட்டம் இது. அக்டோபர் 10-ல் சிகாகோவில் கிளம்பி மிச்சிகன், ஹியூரான், ஈரி ஏரிகளைக் கடந்து பஃபலோ. அங்கிருந்து ஈரி கால்வாய், ஹட்சன் ஆறு, நியூயார்க். 30 அடிப் படகு, 18 நாள், மொத்தம் 4,50,000 ரூபாய். அமெரிக்க விசா மட்டும் போதும் என்றார்கள். முன்பணம் கட்டினேன்.

தூத்துக்குடியில் கப்பல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, பாய்மரத்தோட உயரம் எவ்வளவு?"

எனக்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை. 30 அடிப் படகில் பாய்மரத்தின் உச்சி தண்ணீரிலிருந்து 40 அடி இருக்கும். ஈரி கால்வாயின் மேற்குப் பகுதியில் பாலங்கள் பதினைந்தரை அடிதான். அதனால் பஃபலோ பக்கமே பாய்மரத்தை கிரேன் வைத்துக் கழற்றிப் படகின் மேல் படுக்கப் போட்டு, கால்வாய் முழுக்க இன்ஜினில்தான் போக வேண்டும். ஹட்சனில் இறங்கிய பிறகுதான் திரும்ப நிறுத்த முடியும். வழியில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள், அதாவது லாக்குகள், 30-க்கும் மேல். திட்டத்தில் இதில் எதற்கும் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. கிரேன் செலவும் இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் கால்வாய் அக்டோபர் நடுவில் மூடினால் அடுத்த மே நடுவில்தான் திறக்கும். சிகாகோவிலிருந்து பஃபலோவுக்குத் தண்ணீர் வழியில் சுமார் 1,400 கிலோமீட்டர். மணிக்கு 9 கிலோமீட்டர் போகிற படகு அங்கே போய்ச் சேரும்போது கதவு மூடியிருக்கும்.

இதைக் கேட்டதும், "சரி சார், அப்ப வெல்லண்ட் கால்வாய் வழியா போயிடலாம்" என்றார் அந்த அலுவலக ஆள். வெல்லண்ட் முழுக்க கனடாவில் இருக்கிறது. நயாகரா அருவியைச் சுற்றிக்கொண்டு 8 லாக்குகளில் கிட்டத்தட்ட 100 மீட்டர் கீழே இறங்கும் வழி அது. நம் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா மட்டும் போதாது, கனடா விசாவும் வேண்டும். அதற்கு விண்ணப்பமே போடவில்லை. அப்புறம் அங்கிருந்து செயின்ட் லாரன்ஸ் ஆறு வழியாகக் கடலுக்குப் போவது நியூயார்க் போவதே இல்லை, வேறு பயணம்.

பருவத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "ஏரிதானே சார், என்ன பெரிய அலை வரப்போகுது" என்றார். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1975 நவம்பர் 10-ல் அதே பேரேரிகளில் ஒன்றான சுப்பீரியர் ஏரியில் அடித்த புயலில் 222 மீட்டர் நீளமுள்ள எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் மூழ்கி, அதிலிருந்த 29 பேரும் இறந்தார்கள். அந்த ஏரிகளில் இலையுதிர்காலப் புயல் அப்படிப்பட்டது. பணத்தோடு போனதே பெரிது, ஆளே போயிருப்பேன்.

படகின் பதிவு எண், கேப்டன் பெயர், இன்ஷூரன்ஸ் மூன்றையும் கேட்டேன். ஒன்றுமே வரவில்லை. அவர்கள் அனுப்பிய படகுப் படம் ஒரு விற்பனை விளம்பரத்தில் எடுத்தது என்று பிறகு தெரிந்தது. பணத்தைக் கேட்டால் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டுகிறார்கள், 'முன்பணம் திருப்பித் தரப்படாது' என்று பொடி எழுத்தில் இருக்கிறது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து நுகர்வோர் புகாரைப் பதிந்தேன். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்தேன். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். 2 வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நீல நிறக் கோடு போட்ட வெள்ளைப் படகின் படத்தோடு இதே 18 நாள் திட்டம் உங்களுக்கும் வந்திருந்தால் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதையும் பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். என் மனுவோடு உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.