ஒரே இரவா, ஓயாத சுற்றுப்பயணமா: லெட் செப்பெலின் 2007உம் ஈகிள்ஸ் 1994உம்

கிளிநொச்சி, பரந்தன், முள்ளியவளைப் பக்கம் கிற்றார் பிடிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் கதை கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: பிரிந்துபோன றொக் குழு திரும்பக் கூடினால் எப்படிக் கூட வேண்டும்? ஒரு பக்கம் ஈகிள்ஸ். 1980இல் பிரிந்தார்கள், 1994இல் கூடினார்கள், அதன் பிறகு வருடக்கணக்காக ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள். மறுபக்கம் லெட் செப்பெலின். 2007 டிசெம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கு, ஒரு இரவு, அவ்வளவுதான். எங்கள் குழு திருவிழா மேடைக்குப் பாட்டுத் தெரிவு செய்தபோது செப்பெலின் வழியை எடுத்தது. ஆகவே இந்த அலசல் நடுநிலையானது இல்லை. ஆனால் காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் மேடையில் நின்று வாசிக்கிறவர்களுக்கு உதவும்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். காசு. ஈகிள்ஸ் 1994இல் ரிக்கற் விலையை 100 டொலருக்கு மேலே கொண்டுபோய் நிறையப் பேச்சு வாங்கினார்கள். ஓ2 ரிக்கற் 125 பவுண். ஏறக்குறைய 20,000 பேர் கொள்ளும் அரங்குக்கு இரண்டு கோடி விண்ணப்பம் வந்ததாகச் செய்தி. வருமானம், அத்லான்ரிக் றெக்கோட்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான அகமட் எர்ட்டகனின் பெயரில் இருந்த கல்வி நிதிக்குப் போனது. 2016இல் கன்ஸ் அன்ட் றோசஸ் கூடினபோதும், 2025 ஜூலையில் ஓயேசிஸ் கார்டிப்பில் தொடங்கினபோதும் இதே ரிக்கற் சண்டைதான் நடந்தது. அதை வைத்து இசையை எடைபோட ஏலாது. 2005 ஜூலை 2 அன்று ஹைட் பார்க்கில் பிங்க் புளொயிட் நான்கு பேரும் 24 வருடத்துக்குப் பிறகு சேர்ந்து நின்றது மனதை உருக்குகிற நிகழ்ச்சி. ஆனால் அரை மணித்தியாலத்துக்கும் குறைவு, முழுக் கச்சேரியோடு ஒப்பிட அது காணாது.

ஈகிள்ஸின் பலம் ஒழுங்கு. டொன் ஹென்லி, கிளென் பிறை, டொன் பெல்டர், ஜோ வோல்ஷ், ரிமொதி ஷ்மிற், ஐந்து பேரும் பாடுவார்கள். இசைத்தட்டில் எந்தச் சுரம் எங்கே விழுந்ததோ மேடையிலும் அது அங்கேதான் விழும். தாங்கள் பிரியவே இல்லை, 14 வருட விடுமுறைதான் எடுத்தோம் என்று பிறை மேடையில் சொன்னதை 1994 பதிவில் கேட்கலாம். அவர்கள் வாசிப்பும் அப்படித்தான், இடையில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கசற் கேட்ட தலைமுறைக்கு இது பெரிய விசயம். ஒரு கசற்றை நூறு தரம் கேட்டு மனதில் பதித்தவர்களுக்கு ஒரு சுரம் மாறினாலும் பிழையாகத்தான் படும். அவர்கள் ஈகிள்ஸ் பக்கம் நிற்பதில் நியாயம் இருக்கிறது.

செப்பெலினின் கதை வேறு. டிறம்ஸ் வாசித்த ஜோன் பொன்ஹம் 1980 செப்ரெம்பரில் இறந்தார், அந்த டிசெம்பரிலேயே குழுவை முடித்துக்கொண்டார்கள். 2007இல் அந்த இருக்கையில் இருந்தவர் அவருடைய மகன் ஜேசன். தகப்பன் இடத்தில் மகன் இருந்து வாசிப்பது தவில், நாதஸ்வரக் குடும்பங்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்குப் புதிது இல்லை. பிறை 2016இல் இறந்த பிறகு ஈகிள்ஸும் அவருடைய மகனைத்தான் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஈகிள்ஸில் மகனுக்குக் கிடைத்தது ஏற்கனவே எழுதி முடித்த பகுதி. ஜேசனுக்குக் கிடைத்தது குழுவின் முதுகெலும்பு. டிறம்ஸ் ஒரு நூல் பிந்தினாலும் செப்பெலின் பாட்டு நிற்காது.

அதே செப்பெலின் எவ்வளவு மோசமாகவும் கூடலாம் என்பதற்கு 1985 ஜூலை 13, பிலடெல்பியாவில் நடந்த லைவ் எய்ட் நிதி திரட்டும் கச்சேரி சாட்சி. இரண்டு டிறம்ஸ்காரர், ஒத்திகை போதாது, ஜிம்மி பேஜின் கிற்றார் சுருதி விலகி நின்றது, றொபேட் பிளான்ரின் தொண்டை கட்டியிருந்தது. பிறகு அந்த நிகழ்ச்சி டிவிடியாக வந்தபோது தங்கள் பகுதியைச் சேர்க்க அவர்களே விடவில்லை. 2007இல் வாரக்கணக்காக ஒத்திகை பார்த்தார்கள். பேஜின் விரல் முறிந்தபோது நவம்பர் 26 நிகழ்ச்சியைத் தள்ளிவைத்தார்கள், அரைகுறையாக ஏறவில்லை.

இனி, எங்கள் தெரிவைத் தீர்மானித்த விசயம்: சுருதி.

செப்பெலினின் ஸ்ரெயர்வே ரு ஹெவன் பாட்டு 1971இல் வெளியானபோது பாடகர் பிளான்ருக்கு 23 வயது. ஓ2வில் 59. இசைத்தட்டில் ஏ மைனர், எங்கள் கர்நாடகச் சுருதிக் கணக்கில் ஆறு கட்டை. ஓ2வில் ஒரு முழுச்சுரம் இறக்கி ஐந்து கட்டையில் வாசித்தார்கள். வேறு பாட்டுகளையும் இறக்கினார்கள். உச்சியில் போய்க் கூவுகிற இடங்களைப் பிளான்ற் கீழே வளைத்துப் பாடினார். இதைத் தோல்வி என்று சொல்கிற இரசிகர்கள் உண்டு. எங்களுக்கு அது விளங்கவே இல்லை. கர்நாடகக் கச்சேரியில் பாடகர் தன் தொண்டைக்கு ஏற்ற கட்டையை வைத்துக்கொள்கிறார், ஒருவரும் குறை சொல்வதில்லை. றொக் பாடகருக்கு மட்டும் ஏன் 23 வயதுச் சுருதி காலமெல்லாம் கட்டாயம்?

ஈகிள்ஸுக்கு இந்தக் கரைச்சல் குறைந்ததற்கும் காரணம் சுருதிதான். ஹொட்டல் கலிபோர்னியா என்ற பாட்டை முதலில் ஈ மைனரில் பதிந்தார்கள். ஹென்லிக்கு அது மேலே போய்விட்டதால் பி மைனருக்கு இறக்கித் திரும்பப் பதிந்தார்கள். ஏழாம் பிரெற்றில் (கிற்றார் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டு) கேப்போ என்ற கவ்வியைப் போட்டு ஈ மைனர் விரல் வைப்பிலேயே வாசிப்பது அதனால்தான். தொண்டைக்கு ஏற்ற சுருதியைத் தொடக்கத்திலேயே பிடித்துவிட்டார்கள். 1994 பதிவிலும் அது பி மைனர்தான். கூடவே, மேல் சுரங்களை ஐந்து குரல் பங்குபோட்டுக்கொள்கிறது.

இப்போது எங்கள் மேடைக்கு வருவோம். பாடகருக்கு நாற்பது தாண்டியிருந்தால் சுருதி இறக்கத்தான் வேண்டும். கீபோட்காரருக்குச் சுலபம், சுருதி மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு தரம் கீழே அழுத்தினால் முடிந்தது. கிற்றாருக்கு அப்படி இல்லை. கோட் எனும் சுரக்கூட்டை மட்டும் மாற்றி வாசிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்ரெயர்வேயின் தொடக்கத்தை எடுங்கள். ஐந்தாம், ஏழாம் பிரெற்றில் தொடங்கி நான்காம் கம்பி வழியாக ஒவ்வொரு பிரெற்றாக இறங்கி, கடைசியில் ஐந்தாம் கம்பியை விரல் வைக்காமல் தட்டுகிற ஏயில் முடியும். அதை இரண்டு பிரெற் கீழே தள்ளினால் அந்தத் திறந்த கம்பி கிடைக்காது. அந்த ஒரு சுரத்தின் நீட்சி போனால் பாட்டின் முகமே போய்விடும். ஆகவே கம்பியைத்தான் இறக்க வேண்டும், தடித்த கம்பியிலிருந்து: டி, ஜி, சி, எஃப், ஏ, டி.

இறக்கினால் என்ன நடக்கும்? இரண்டு அரைச்சுரம் இறங்கினால் கம்பியின் இழுவிசை 20 வீதம் அளவு குறைகிறது. அதிலிருந்து மூன்று பிழை வரும். ஒன்று, கம்பி தொய்ந்து முதல் ஐந்து பிரெற்றுக்குள் நொறநொறக்கும். இழுவிசை குறைந்ததால் கழுத்து பின்பக்கம் வளைவதும் இதற்குக் காரணம். இரண்டு, பலமாக மீட்டினால் சுரம் ஒரு கணம் மேலே போய்த்தான் இறங்கும், பேஸோடு சேராது. மூன்று, பின்னால் ஸ்பிரிங் உள்ள மிதக்கும் பிறிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் பாலம்) என்றால் ஒரு கம்பியை இறக்க மற்றக் கம்பிகள் ஏறிக்கொண்டே இருக்கும். இதற்கு நிலையான பிறிட்ஜ் உள்ள கிற்றாரையே ஒதுக்குங்கள்.

மருந்து, தடித்த கம்பி. 9–42 (மெல்லிய கம்பியினதும் தடித்த கம்பியினதும் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்டுப் பழகிய கைக்கு, ஒரு முழுச்சுரம் கீழே 10–46 போட்டால் ஏறக்குறைய அதே இறுக்கம் வரும். 10–46 பழகியவர் 11க்குப் போக வேண்டும், அடிக்கம்பி 50க்குக் கிட்ட இருந்தால் நல்லது. கம்பியை நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னமே மாற்றி, கையால் இழுத்து இழுத்துத் திரும்பச் சுருதி சேருங்கள். சேர்க்கும்போது எப்போதும் கீழிருந்து மேலே வந்து நிற்பாட்டுங்கள். மேலிருந்து இறக்கி நிற்பாட்டினால் முதல் இழுப்பிலேயே நழுவும். தடித்த கம்பி கழுத்தின் தலைப்பக்கத்து நட் வெட்டுக்குள் சிக்கும், இழுத்து விடும்போது ‘டிக்’ என்று சத்தம் கேட்டால் அதுதான். பென்சில் கூரை அந்த வெட்டுக்குள் தேய்த்துவிடுங்கள், போதும். பிறகு 12ஆம் பிரெற்றில் அழுத்திய சுரத்தையும் அதே இடத்தில் அழுத்தாமல் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் டியூனரில் பாருங்கள். அழுத்தியது கூடக் காட்டினால் பிறிட்ஜில் அந்தக் கம்பி அமரும் சாடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், குறையக் காட்டினால் முன்னுக்கு. இதைச் செய்யாமல் ஏறினால் கீழ்க் கோட்கள் சரியாகவும் சோலோ பிழையாகவும் கேட்கும், சனம் பாடகரைத்தான் குறை சொல்லும்.

பேஸ்காரரிடம் ஐந்து கம்பி பேஸ் இருந்தால் ஒன்றும் மாற்றத் தேவையில்லை. நாலு கம்பி என்றால் அவரும் இறக்க வேண்டும். எவ்வளவு இறக்குவது என்பதைப் பாடகர் களைப்பில்லாமல் இருக்கும் பின்னேரத்தில் தீர்மானிக்காதீர்கள். இரண்டு மணித்தியாலம் பாடி முடித்த பிறகு அந்தப் பாட்டின் உச்சச் சுரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். பிடிபடுகிற இடம்தான் உண்மையான கட்டை.

ஈகிள்ஸ் வழியை விட்டதற்கு இன்னொரு காரணம் பராமரிப்பு. 1994 ஹொட்டல் கலிபோர்னியா மரக் கிற்றார்கள் சேர்ந்து நெய்த பாட்டு. நைலோன் கம்பித் தொடக்கம், அதற்கு மேல் மற்றவை, கடைசியில் இரண்டு லீட் கிற்றார் ஒன்றையொன்று தழுவிப் போவது. சமமான கை உள்ள இரண்டு லீட்காரர் ஒரு குழுவில் கிடைப்பதே அருமை. கிடைத்தாலும், திறந்த வெளியில் பெரிய பேஸ் பெட்டிக்கு முன்னால் மரக் கிற்றார் ஊளையிடும். துவாரத்தை றப்பர் மூடியால் அடைத்து, மிக்சரில் 100 முதல் 200 ஹேர்ட்ஸ் வரை குறைத்தால் அடங்கும். ஆனால் நாலு கிற்றாருக்கும் இதைச் செய்ய வேண்டும். ஐந்து குரல் என்றால் ஐந்து மைக், பாடுகிறவருக்கே கேட்க ஐந்து மொனிற்றர் ஸ்பீக்கர். ஒருவருக்கு மற்றவர் கேட்காவிட்டால் ஒத்திசைவு முழுதும் சரியும். சோளகம் அடிக்கிற மாதங்களில் மைக்குக்குக் கடற்பஞ்சு உறை இல்லாமல் ஒன்றும் நடக்காது. வெயில் தாழ்ந்து நடுச்சாமத்தில் குளிர்ந்தால் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும், விளக்கு வெக்கையில் இறங்கும். ஒரு கிற்றாரைச் சரிபார்க்கலாம். பாட்டுக்குப் பாட்டு நாலைச் சரிபார்க்க மேடையில் நேரம் கிடையாது.

செப்பெலினோ நாலே பேர். ஜோன் போல் ஜோன்ஸ் பேஸும் வாசிப்பார், கீபோட்டும் வாசிப்பார். கீபோட்டில் இருக்கும்போது பேஸைக் காலால் மிதிபலகையில் போடுவார். எங்கள் குழுக்களில் கீபோட்காரர் இடது கையில் பேஸ் பிடிப்பது வழக்கம் என்பதால் அந்த அமைப்பு உடனே பொருந்துகிறது. அவர்களுடைய காஷ்மீர் என்ற பாட்டு இன்னும் பொருத்தம். கிற்றார் மூன்று அடியாகச் சுழல, டிறம்ஸ் நாலு அடியாகப் போகும், 12இல் இரண்டும் சந்திக்கும். தவில்காரருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, ஒரு தரம் கேட்டாலே கையில் வந்துவிடும். இசைத்தட்டில் அது டி சுருதி, இரண்டு கட்டை. நாதஸ்வரம் பல இரண்டு, இரண்டரைக் கட்டைக்குள் நிற்பவை. கருவிக்குக் கருவி மாறும், ஆகவே டியூனரில் பார்த்து, கிற்றாரை நாதஸ்வரத்துக்கு இழுங்கள். நாதஸ்வரத்தைக் கிற்றாருக்கு இழுக்க ஏலாது. இந்தச் சேர்க்கையை ஒத்திகையில்தான் கேட்டிருக்கிறோம். திருவிழாச் சனத்துக்கு முன்னால் எப்படி எடுபடும் என்று உறுதி சொல்ல மாட்டோம்.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரண்டு கச்சேரியையும் பதிவில்தான் கேட்டது. பதிவு மேடையை விட எப்போதும் கொஞ்சம் துப்புரவாக இருக்கும், இரண்டுக்கும் அது பொருந்தும். முன்வரிசையில் சின்னப் பிள்ளைகளும் பெரிய ஆக்களும் பாய் விரித்து இருக்கிற மேடையில் ஹொட்டல் கலிபோர்னியாவின் முதல் சுரத்துக்கே கைதட்டு விழும், காஷ்மீருக்கு விழ நேரம் எடுக்கும். கூட்டத்தை உடனே பிடிப்பதுதான் நோக்கம் என்றால் ஈகிள்ஸ்தான். இரண்டு நல்ல லீட்காரரும் பொறுமையான சவுண்ட்காரரும் இருக்கிற குழு அதைத் தாராளமாக எடுக்கலாம்.

இறக்கிய சுருதியில் போகிறவர்கள் அந்தப் பாட்டுகளையெல்லாம் நிகழ்ச்சியின் இரண்டாம் பாதியில் ஒரே தொடராகப் போடுங்கள். பாடகரின் தொண்டையும் அப்போதுதான் களைத்திருக்கும், கிற்றாரையும் ஒரு தரம் மாற்றினால் போதும். அந்தத் தொடர் தொடங்க முன் கீபோட்டில் ட்ரான்ஸ்போஸ் இலக்கத்தை ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர் ஒரு சுரம் தட்டிப் பார்க்கட்டும். தொடர் முடிந்ததும் அந்த இலக்கம் பூச்சியத்துக்குத் திரும்பினதா என்று அதே இரண்டு பேரும் பார்க்க வேண்டும்.