ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போச்சுன்னா கம்பெனி யூனிட்டா, புதுப்பேட்டை பாக்ஸா, பிரிச்சு ரீபில்டா?

ரெண்டாவது கியர்ல இருந்து மூணாவது விழுற நேரத்துல ஆர்பிஎம் மட்டும் 4000 வரைக்கும் ஏறுது, வண்டி இழுக்கவே மாட்டேங்குது, அப்புறம் டமால்னு ஒரு இடி இடிச்சு கியர் விழுது. மதுரவாயல் பைபாஸ்ல, பக்கத்து சீட்ல அப்பா, பின்னாடி லாரிக்காரர் ஹாரன அமுக்கிட்டே இருக்காரு, அப்பதான் எங்க கியர்பாக்ஸ் போற நிலைமைக்கு வந்துடுச்சுன்னு தெரிஞ்சுது. 2012 மாடல் செடான், பழைய 4 ஸ்பீடு டார்க் கன்வர்ட்டர் டைப், அதாவது இன்ஜின் சுழற்சிய ஆயில் வழியா கியர்பாக்ஸுக்கு கடத்துற வகை. அப்பாவுக்கு இடது முட்டி ஆபரேஷன் ஆனதுல இருந்து கிளட்ச் மிதிக்க முடியாதுன்னு அவருக்காகவே வச்சிருக்கிற வண்டி, அதனால வித்துட்டு வேற வாங்கலாம்ங்கிற பேச்சே வரல.

அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டு தடவ இந்த பாக்ஸுக்கு காசு போட்டேன். மொத தடவ, சென்னைல பழைய வண்டிங்கள உடைச்சு பார்ட் விக்கிற புதுப்பேட்டைல வாங்கின பழைய பாக்ஸ், ரெண்டாவது தடவ முழுசா பிரிச்சு ரீபில்டு. ரெண்டு வழியிலயும் நடந்து பாத்தவன்ங்கிறதால எழுதுறேன்.

எனக்கு சொன்ன விலைய மொதல்ல சொல்லிடறேன். கம்பெனி சர்வீஸ் சென்டர்ல பாக்ஸ பிரிக்கவே மாட்டாங்களாம், மொத்த யூனிட்டா மாத்தினா 2 லட்சத்து 40 ஆயிரம், பார்ட் வர ஆறு வாரம். புதுப்பேட்டை பாக்ஸ் 38,000, அத இறக்கி ஏத்த 10,000, ஆயில் தனி. ரீபில்டு 85,000ல இருந்து ஆரம்பிக்குது, பிரிச்சு பாத்தாதான் முழு கணக்கு சொல்ல முடியும்னு சொன்னாங்க. அது போக ஒருத்தர் "வால்வ் பாடி சொலினாய்டு மட்டும் மாத்திடலாம் சார், 25,000ல முடியும்"னாரு, அதாவது கியர் மாத்த ஆயில திருப்பி விடுற மின்சார வால்வுங்கள மட்டும். இந்த நாலு நம்பரயும் ஒரு பேப்பர்ல எழுதி வச்சு பாத்தா யாருக்கும் கண்ணு 25,000லயும் 38,000லயும்தான் நிக்கும், எனக்கும் அங்கதான் நின்னுச்சு.

சொலினாய்டு மட்டும் மாத்துறது ஏமாத்து வேல கிடையாது, அதுக்குன்னு ஒரு இடம் இருக்கு. ஸ்கேனர் போட்டா பி0753 மாதிரி சொலினாய்டு எலக்ட்ரிக்கல் எரர் கோடு வருது, வண்டி சேஃப் மோடுக்கு போய் ஒரே கியர்ல நிக்குது, ஆனா பாக்ஸ் அடில இருக்கிற ஆயில் தட்டு, அந்த பேன கழட்டினா ஆயில் சிவப்பாவே இருக்கு, மேக்னட்ல சாம்பல் கலர்ல மை மாதிரி கொஞ்சம் ஒட்டியிருக்கு அவ்ளோதான், அப்படின்னா உள்ள பிளேட்டுங்க நல்லாருக்குன்னு நம்பலாம், அந்த 25,000 நியாயமான செலவு. ஆனா பி0733 மாதிரி கியர் ரேஷியோ தப்புன்னு எரர் கோடு வந்து, ஆயில் காப்பி கலர்ல தீஞ்ச வாசன அடிச்சு, பேன்ல கருப்பு துகள் கெடந்தா கிளட்ச் பிளேட்டோட லைனிங்கே தேஞ்சு உதிர்ந்திருக்குன்னு அர்த்தம், அதுக்கு மேல எந்த புது சொலினாய்டு போட்டாலும் புது ஆயில் ஊத்தினாலும் தேஞ்ச லைனிங் திரும்ப வளராது. அதனால பேன கழட்டுறப்ப கண்டிப்பா நீங்க பக்கத்துல நில்லுங்க, ஆபீஸுக்கு லீவு போட்டாவது நில்லுங்க. நான் மொத தடவ நிக்கல.

நிக்காததால என்ன ஆச்சுன்னா, மெக்கானிக் "பிளேட் எல்லாம் போச்சு சார், வேற பாக்ஸ் போட்டுடலாம்"னு போன்ல சொன்னாரு, நான் சரின்னுட்டேன். புதுப்பேட்டைக்கு நானும் கூட போனேன். ஒரு வண்டிய காலைல உடைக்க ஆரம்பிச்சா சாயங்காலத்துக்குள்ள கதவு ஒரு கடைல, இன்ஜின் ஒரு கடைல, கியர்பாக்ஸ் ஒரு கடைலன்னு தனித்தனியா போயிடும், அந்த வேகத்தையும் யாருக்கு எது எங்க இருக்குன்னு வாயாலயே தெரிஞ்சிருக்கிறதையும் நேர்ல பாத்தா மரியாததான் வரும். பாக்ஸ் மேல ஒட்டியிருக்கிற லேபிள் நம்பர், ஃபைனல் டிரைவ் ரேஷியோ, பெட்ரோல் இன்ஜினோடதா டீசலோடதா, எல்லாம் பொருந்துதான்னு கடைக்கார பாயே பொறுமையா பாத்து குடுத்தாரு, அவர் மேல எனக்கு இன்னிக்கும் ஒரு குறையும் இல்ல.

பழைய பாக்ஸ் வாங்குறதுல இருக்கிற ஆபத்து என்னன்னா அது எதனால அங்க வந்துச்சுன்னு உங்களுக்கு தெரியாது. பின்பக்கம் அடிபட்ட வண்டியோடதா இருந்தா அதிர்ஷ்டம். ஆனா சென்னைல 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் எவ்ளோ கார் தண்ணில முழுகுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், கியர்பாக்ஸ் மேல காத்து போக ஒரு சின்ன பிரீதர் குழாய் இருக்கும், வண்டி முழுகினா அது வழியா தண்ணி உள்ள போயிடும். அதனால டார்க் கன்வர்ட்டர் உக்கார்ற பெல் ஹவுசிங் ஓரத்துல காஞ்ச வண்டல் இருக்கான்னு விரல விட்டு தடவி பாருங்க, ஸ்பீடு சென்சார கழட்டி நுனில துரு இருக்கான்னு பாருங்க, உள்ள மிச்சம் இருக்கிற ஆயில ஒரு சொட்டு வெள்ள துணில விட்டு பாருங்க. இதெல்லாம் பாத்துதான் வாங்கினேன், நல்ல பாக்ஸ்தான் கெடச்சுது. அஞ்சே மாசத்துல அதே ஸ்லிப்பு, அதே இடி.

இந்த தடவ சென்னை பாடி ஏரியா பக்கம் ஒரு சின்ன ஷெட்ல ஆட்டோமேட்டிக் மட்டுமே பாக்குற ஒரு அண்ணன்கிட்ட போனேன். அவரு ஸ்கேனர கூட எடுக்கல, டிப்ஸ்டிக்க உருவி காட்டினாரு, அச்சு அசலா ரோஸ் மில்க்! ரேடியேட்டருக்கு உள்ளயே கியர் ஆயில ஆத்துறதுக்கு ஒரு கூலர் இருக்கும், அது உள்ள விட்டுப்போய் கூலன்ட்டும் ஏடிஎஃப்னு சொல்ற அந்த கியர் ஆயிலும் கலந்திருக்கு. கிளட்ச் பிளேட் மேல ஒட்டியிருக்கிற லைனிங் காகிதம் மாதிரி ஒரு பொருள், தண்ணி பட்டா ஊறும், கூலன்ட் பட்டா ஒட்டின பசையே விட்டுப்போகும். மொத பாக்ஸும் இதே காரணத்தாலதான் போயிருக்கணும், ஏன்னா அதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு மாசமா கூலன்ட் கொறஞ்சுட்டே இருந்துச்சு, நானும் ஊத்திட்டே இருந்தேன். பழைய ரேடியேட்டர அப்படியே விட்டுட்டு பாக்ஸ மட்டும் மாத்தினதுல நல்லா இருந்த ஒரு பாக்ஸ் வீணா செத்துப்போச்சு, அத நெனச்சா காசு போனத விட அதுதான் இன்னும் வலிக்குது.

அதனால விலைய ஒப்பிடறதுக்கு முன்னாடி அந்த விலைக்குள்ள காரணம் சரி பண்றதும் சேருதான்னு கேளுங்க. 2 லட்சத்து 40 ஆயிரம் குடுத்து கம்பெனி யூனிட் போட்டிருந்தாலும் அந்த ரேடியேட்டரோட ஓட்டியிருந்தா அதுவும் ரோஸ் மில்க்தான் ஆயிருக்கும்.

ரீபில்டுன்னு சொல்றதுலயும் ரெண்டு வகை இருக்கு, இங்கதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. ஒண்ணு, எந்த கிளட்ச் பேக் (பிளேட் அடுக்கு) தேஞ்சுதோ அத மட்டும் மாத்திட்டு மூடிடறது. இன்னொன்னு, ஓவர்ஹால் கிட் வாங்கி எல்லா ரப்பர் சீல், ஓரிங், கேஸ்கெட், அத்தன ஃப்ரிக்‌ஷன் பிளேட், ஸ்டீல் பிளேட், ஃபில்டர், எல்லாத்தையும் மாத்துறது. எப்படியும் பாக்ஸ கீழ எறக்கியாச்சு, ரெண்டாவது வகைதான் சரி. பத்து பன்னெண்டு வருஷ ரப்பர் சீல் கல்லு மாதிரி ஆயிடும், வெறைச்ச சீல் பிரஷர விட்டுடும், பிரஷர் இல்லன்னா புது பிளேட்டும் வழுக்கி மறுபடி தீயும்.

அந்த அண்ணன் வேல செய்யறத ரெண்டு நாள் உக்காந்து பாத்தேன். வால்வ் பாடிய தொடைக்க பனியன் வேஸ்ட் கிட்டயே வர விடல, அந்த நூல் ஒண்ணு போய் வால்வுல மாட்டினா போதும் கியர் தொங்கிடும்னு சொல்லி பெட்ரோல்ல கழுவி ஏர் அடிச்சுதான் காய வச்சாரு. புது பிளேட்டுங்கள முந்தின நாளே ஏடிஎஃப்ல ஊற போட்டுட்டாரு. ஒவ்வொரு கிளட்ச் பேக்கும் கட்டினப்புறம் ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளி பாத்து, கூடுதலா இருந்தா தடிமனான ஸ்னாப் ரிங் மாத்தி போட்டாரு. கடைசியா கேஸ்ல இருக்கிற ஓட்டைகள்ல ஒண்ணொண்ணா ஏர் அடிச்சாரு, பிஸ்டன் ஏறுற சத்தம் "டப்"னு சுத்தமா கேக்கணும், புஸ்ஸுன்னு காத்து போனா எங்கயோ சீல் மடிஞ்சிருக்குன்னு அர்த்தமாம். ஒண்ணுல புஸ்ஸுன்னுச்சு, மறுபடி பிரிச்சாரு.

டார்க் கன்வர்ட்டர் விஷயத்துல கண்டிப்பா பேசுங்க. அது வெல்டு பண்ணி மூடின டப்பா, பாக்ஸ்ல உதிர்ந்ததெல்லாம் அதுக்குள்ளயும் போய் சேந்திருக்கும், வெளில இருந்து கழுவினா முழுசா வராது. லேத்ல வெட்டி திறந்து, உள்ள இருக்கிற லாக்கப் கிளட்ச்சோட லைனிங் மாத்தி, மறுபடி வெல்டு பண்ணி பேலன்ஸ் பாக்கணும், இல்ல வேற கன்வர்ட்டர் போடணும். ரீபில்டு, இது, புது ரேடியேட்டர் எல்லாம் சேத்து எனக்கு மொத்தம் 1,12,000 ஆச்சு. புதுப்பேட்டை பாக்ஸ ஏத்தின செலவ விட ரெண்டு மடங்குக்கு மேல, ஆனா அந்த பாக்ஸ் அஞ்சு மாசம்தான் ஓடுச்சு, இது 16,000 கிலோமீட்டர் தாண்டியும் ஆயில் சிவப்பாவே இருக்கு, அப்பா மறுபடி தனியா திருத்தணிக்கு ஓட்டிட்டு போய்ட்டு வர்றாரு.

எல்லா வண்டிக்கும் இதே பதில் கெடையாது. தனித்தனி கியர் இல்லாம பெல்ட்டும் புல்லியும் வச்சு ஓடுற சிவிடின்னா நான் ரீபில்டுக்கு தயங்குவேன், ஸ்டீல் பெல்ட் வழுக்கி புல்லி முகத்துல கோடு விழுந்துட்டா புல்லி பெல்ட் ரெண்டுமே மாத்தணும், அந்த விலைக்கு முழு யூனிட் பக்கத்துல வந்துடும், அங்க கம்பெனி யூனிட்டோ விபத்து வண்டியோட பாக்ஸோதான் மேல். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடால வர்ற 7 ஸ்பீடு டிரை கிளட்ச் டிஎஸ்ஜில (ரெண்டு கிளட்ச் வச்ச ஆட்டோமேட்டிக்) மெக்கட்ரானிக்னு சொல்ற ஹைட்ராலிக் யூனிட்தான் பெரும்பாலும் தகராறு பண்ணும், அத மட்டும் ரிப்பேர் பண்ற ஆளுங்க இருக்காங்க, கியர் செட்ட தொடாமலே முடிஞ்சிடும், அதனால மொத்த பாக்ஸும் மாத்தணும்னு யாராவது சொன்னா இன்னொரு இடத்துல காட்டுங்க. 2014ல மாருதி செலேரியோ கொண்டு வந்த ஏஎம்டி, உள்ள வெறும் மேனுவல் பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் ஆக்சுவேட்டர்ங்கிற மெஷின் மாத்தும், கிளட்ச் செட்டு இல்லன்னா ஆக்சுவேட்டர், ரெண்டுல ஒண்ணுதான் பெரும்பாலும் கோளாறா இருக்கும், அதுக்கு ரீபில்டு பேச்சே தேவையில்ல. வண்டிய ஒரு வருஷத்துல விக்கப் போறீங்கன்னா, கூலரும் லைனும் சுத்தம் பண்ணி புதுப்பேட்டை பாக்ஸ் போடுறதுல தப்பே இல்ல, வாங்குறவர்கிட்ட அத சொல்லிடுங்க.

எந்த வழியில போனாலும் வண்டிய ஷெட்டுக்கு கயிறு கட்டி இழுத்துட்டு போகாதீங்க, இன்ஜின் ஓடலன்னா பாக்ஸ் பம்ப்பும் ஓடாது, சக்கரம் சுத்த சுத்த உள்ள ஆயில் இல்லாம தேயும், ஃபிளாட்பெட் வண்டில ஏத்துங்க. கழட்டின பழைய பிளேட்டெல்லாம் ஒரு சாக்குல போட்டு கேட்டு வாங்கிக்கோங்க. பில்லுல "கியர்பாக்ஸ் வேலை"ன்னு ஒத்த வரில போட விடாதீங்க, ஓவர்ஹால் கிட், கன்வர்ட்டர், ரேடியேட்டர், ஊத்தின ஆயில் என்ன கிரேடு எத்தன லிட்டர், எத்தன மாசம் வாரன்ட்டி, எல்லாம் தனித்தனியா எழுதி சீல் வச்சு வாங்கிக்கோங்க.