தடுப்பணையா, சம உயர அகழியா? முதல்ல எதுக்கு காசு போடறது

ஊர் பொதுப்பணம் கொஞ்சம்தான் இருக்கு, மழைத்தண்ணிய பிடிச்சு வெக்க ஓடைக்கு குறுக்க தடுப்பணை கட்டலாமா இல்ல மலைச்சரிவுல சம உயர அகழி (சரிவுக்கு குறுக்க ஒரே மட்டத்துல போற நீளமான பள்ளம்) வெட்டலாமான்னு நிறைய பேர் குழம்புறாங்க.

செலவு:
தடுப்பணை - சிமெண்ட், கல், இன்ஜினியர்னு மொத்தமா காசு வேணும்.
அகழி - மண்வெட்டியும் ஆளும் போதும், கூலி ஊருக்குள்ளயே நிக்கும்.

பலன்:
தடுப்பணை - தண்ணி கண்ணுக்கு தெரியும், பக்கத்து கிணறு சீக்கிரம் ஊறும்.
அகழி - தண்ணி தெரியாது, ஆனா மழை விழுந்த இடத்துலயே மண்ணுக்குள்ள இறங்கும்.

பராமரிப்புலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. மேல சரிவு மொட்டையா இருந்தா ஒவ்வொரு மழைக்கும் மண்ணு அடிச்சுட்டு வந்து அணைக்கு பின்னாடி படியும், தூர் வாரலன்னா சில வருஷத்துல அது வெறும் மண்மேடுதான், அணையோட ஓரத்த கரையில சரியா பதிக்கலன்னா தண்ணி ஓரமா அரிச்சுட்டு போயிடும். அகழியும் மண்ணு விழுந்து தூரும்தான், ஆனா தோண்டுன மண்ண கீழ்ப்பக்கம் வரப்பா போட்டு புல்லு, நாட்டு மரம்னு வெச்சு, வேர் பிடிக்கிற வரைக்கும் ஆடு மாடு ஏறாம பாத்துக்கிட்டா அப்புறம் அந்த வேரே மண்ண பிடிச்சு வெச்சுக்கும். அகழியோட மட்டம் மட்டும் தப்பக்கூடாது, இங்கிலீஷ் A எழுத்து மாதிரி கட்டுன மரச்சட்டத்துல தூக்குக்குண்டு கட்டி பாத்து குறிங்க.

சரிவு மொட்டையா இருந்தா கண்ண மூடிட்டு அகழி, மரம். மேல காடு நல்லா இருந்து, கீழ ஓடையில மழைத்தண்ணி தேங்காம ஓடிப்போயிடுதுன்னா தடுப்பணை. ரொம்ப செங்குத்து, பாறைன்னா வெட்டவே வேணாம், மேய்ச்சல நிறுத்துனாலே செடி தானா வரும்.