தோற்றால் அடுத்து என்ன? பிரிக் கேம், கம்ப்யூட்டர், டிவி கேம்: ஓர் ஒப்பீடு

முதன்முதலில் ஆடிய வீடியோ கேம் எது என்று கேட்டால், எங்கள் வயதுக்காரர்களில் பலர் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: கைக்குள் அடங்கும் பிரிக் கேம், கம்ப்யூட்டரில் ஆடியது, டிவியில் மாட்டி ஆடியது. எது பெரிசு என்ற பேச்சு உடனே கலர், சத்தம், கிராஃபிக்ஸ் என்று ஓடிவிடும். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. ஏழெட்டு வயதில் நாம் அதில் தோற்றபோது அடுத்து என்ன நடந்தது? இந்தக் கேள்வியை வைத்துத்தான் மூன்றையும் நிறுத்துப் பார்க்கிறேன்.

பிரிக் கேமில் ஜெயிப்பது என்பதே கிடையாது. 10 கட்டம் அகலம், 20 கட்டம் உயரம். 1984இல் அலெக்ஸி பஜித்னோவ் மாஸ்கோவில் உருவாக்கிய டெட்ரிஸின் அதே ஏழு வடிவங்கள் மேலிருந்து விழுந்துகொண்டே இருக்கும். எத்தனை வரிசை அழித்தாலும் வேகம் கூடும், கடைசியில் கட்டைகள் உச்சியில் முட்டும். நீட்டுக் கட்டை வரும் என்று ஒரு ஓரத்தைக் காலியாக விட்டுக் காத்திருந்ததும், அது வராமலே போனதும் இன்னும் கட்டைவிரலில் இருக்கிறது. திரைக்குள் விளக்கு இல்லாததால் பொழுது சாய்ந்தால் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார வேண்டும். தோற்றது யாருக்கும் தெரியாது. பட்டனை அழுத்தினால் மறுபடியும் முதல் கட்டை. மனசை ஒருமுகப்படுத்த இதைவிட நல்ல விளையாட்டு இல்லை, ஆனால் அது தனிமையின் விளையாட்டு.

கம்ப்யூட்டரில் எனக்கு முதலில் கிடைத்தது 1989இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, அந்த அசைவுகளைப் பார்த்து வரைந்த விளையாட்டு அது. அதனால்தான் அந்த இளவரசன் விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது நிஜ உடம்பின் கனம் தெரிந்தது. செத்தால் அந்த லெவலின் தொடக்கத்துக்குப் போய்விடலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். ஆனால் மொத்தமே 60 நிமிடம். செத்தாலும் கடிகாரம் நிற்காது. ஒவ்வொரு தோல்வியும் நேரத்தைத் தின்றது. அந்த வயதில் அது எனக்குப் பயமாக இருந்தது. அழகில் மூன்றிலும் இதற்குத்தான் முதலிடம் தருவேன். விளையாட்டு என்ற வகையில் தரமாட்டேன்.

என் ஓட்டு டிவி கேமுக்கு. அதில் இரண்டாவது ஜாய்ஸ்டிக் ஒன்று இருந்தது.

1985இல் வந்த சூப்பர் மரியோவில் 32 லெவல். மொத்த விளையாட்டும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம். இடத்தை மிச்சம் பிடிக்க, மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை நிறம் மாற்றிப் போட்டிருப்பார்கள். அதை முதலில் கண்டுபிடித்தவள் அக்காதான். இரண்டு பேர் ஆடினால் ஒருவர் செத்ததும் முறை மற்றவருக்குப் போகும். தோற்றவர் சும்மா இருக்கமாட்டார், அடுத்தவர் ஆட்டத்தை உற்றுப் பார்ப்பார். எந்தக் கல்லுக்குள் காளான் இருக்கிறது, எந்தக் குழாய் பூமிக்கடியில் போகிறது என்பதையெல்லாம் அப்படிப் பார்த்துத்தான் கற்றேன். ஆனால் சேமித்து வைக்க வழியில்லை. ஸ்விட்சை அணைத்தால் மறுபடி முதல் லெவலான 1-1தான்.

வாத்து சுடும் டக் ஹன்ட் இன்னும் அருமை. துப்பாக்கியிலிருந்து எதுவும் பாயாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக்குள் இருக்கும் சென்ஸார் அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். குறி தவறினால் புல்லுக்குள்ளிருந்து நாய் எழுந்து சிரிக்கும். ஒற்றை வாத்து ஆட்டத்தில் ஜாய்ஸ்டிக்கால் வாத்தையே நகர்த்தலாம் என்பதை அக்கா எனக்குச் சொல்லவே இல்லை. பல நாள் நான் சுடச் சுட வாத்து வளைந்து வளைந்து பறந்தது. "நீ ஏன்க்கா அதைக் கையில வச்சிருக்க?" என்று கேட்ட அன்றுதான் சிரித்துக்கொண்டே காட்டிக்கொடுத்தாள்.

எதிரிகளைச் சுட்டுக்கொண்டே முன்னேறும் கான்ட்ராவில் இருவரும் ஒரே அணி. அருவி ஸ்டேஜில் ஒருவர் மேலே ஏறினால் திரையும் கூடவே ஏறும், கீழே பின்தங்கியவர் உயிர் போய்விடும். முதலில் நான் விறுவிறுவென்று ஏறி அக்காவைப் பல தடவை சாகடித்தேன். அப்புறம் ஒருநாள் அவளுக்குக் கடைசி உயிர்.

"இருடா, நான் வந்துக்கிறேன்."

மேலிருந்து பாறைகள் உருண்டு வந்தன. அடுத்த படிக்குத் தாவாமல், இடமும் வலமுமாக விலகி விலகி, அவள் ஏறி வரும்வரை அந்தத் திட்டிலேயே நின்றிருந்தேன்.